மூணு ஊரு ஓடை

நரியோடை,
12.6.2024

அன்புத் தங்கச்சி செந்தமிழுக்கு, அக்கா விஜயலட்சுமி எழுதறது.

இங்க நானும் உங்க மாமாவும் புள்ளைங்களும் நல்லா இருக்கோம். நீ, உன் வீட்டுக்காரர், பாப்பா எல்லாரும் சுகமா? வால்பாறையில மழை புடிச்சிக்கிச்சுன்னு டிவியில சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்து போறப்ப அட்டை ஏறுதுன்னு சொன்னியே, காலுல உப்புத்தண்ணி தடவிக்கிட்டுப் போ. உப்பளத்து ஊர்ல பொறந்தவளுக்கு இதையெல்லாம் நான் சொல்லணுமா?

போன் பண்ணாம எதுக்கு கடுதாசின்னு கேப்ப. உனக்கு அங்க மழை வந்தா டவர் இல்ல. இங்க என் போனு பஞ்சாயத்து போனா ஆயிடுச்சு, எப்பவும் உங்க மாமா பாக்கெட்டுலதான் இருக்குது. தண்ணி வரல, மோட்டார் ஓடலன்னு யாராவது கூப்புட்டுட்டே இருக்காங்க, அவரே பேசிக்கறாரு. எனக்கும் நல்லதுதான். தலைவரா ஜெயிச்சு மூணு வருஷம் ஆவப்போவுது, ஒரு தொந்தரவும் இல்ல.

போன வாரம் யூனியன் ஆபீசுல தலைவருங்களுக்கு மூணு நாள் பயிற்சி வெச்சாங்க. மாமாதான் வண்டியில கூட்டிட்டுப் போனாரு. முதல் வரிசையில அவரே உக்காந்துட்டாரு. பயிற்சி குடுக்கற மேடம், "சார், ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்க மட்டும்தான் உள்ள"ன்னு சொல்லிட்டாங்க. வெளிய வேப்பமரத்தடிக்குப் போனா அங்க ஏற்கெனவே ஏழெட்டு வீட்டுக்காரருங்க நிக்கறாங்களாம். சாயந்திரம் வரைக்கும் அரசியல் பேசிட்டு இருந்திருக்காங்க.

என் பக்கத்துல தாழங்குப்பம் தலைவர் சில்வியா உக்காந்திருந்தாங்க. மீன் ஏலம் விடற குடும்பம், குரல் கணீர்னு இருக்குது. "உங்க பஞ்சாயத்துல எத்தனை கைப்பம்புங்க?"ன்னு கேட்டாங்க. "தெரியலைங்க, அவரைக் கேட்டு சொல்றேன்"னு சொன்னேன். அவங்க சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

கடைசி நாள் மேடம் சொன்னாங்க, பக்கத்து பக்கத்து பஞ்சாயத்துங்க ஒரு வேலைக்காக ஒண்ணா சேர்ந்து கூட்டுக்குழு வெச்சிக்கலாமாம். சில்வியா உடனே எழுந்து, "எங்க ஓடைக்கு வெச்சிக்கலாமா?"ன்னாங்க. உனக்குத் தெரியும், புளியந்தாங்கல் ஏரித் தண்ணி நம்ம ஊரு வழியா வந்து அவங்க ஊரு முகத்துவாரத்துல கடல்ல விழுது. ஒவ்வொரு மழைக்கும் மேல இருக்கறவங்க கரையை வெட்டுவாங்க, நம்மாளுங்க அடைப்பாங்க, குப்பத்துக்காரங்க முகத்துவாரத்தைத் தொறக்க மாட்டாங்க. கடைசில மூணு ஊரு ஆம்பளைங்களும் போலீஸ் ஸ்டேஷன்ல நிப்பாங்க. பாக்கலாம்.

உடம்பைப் பாத்துக்கோ. பாப்பாவுக்கு என் முத்தம்.
அக்கா விஜயா

*

வால்பாறை,
24.6.2024

என் அக்காவுக்கு, செந்தமிழ் எழுதுவது.

நாங்க நலம். பாப்பாவுக்கு சளி இருந்தது, இப்ப பரவாயில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில காய்ச்சல் வார்டு நிரம்பி வழியுது, ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன். உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! எட்டாம் கிளாஸ்ல நீ எழுதின மாதிரியே குண்டு குண்டா இருக்குது. ரெண்டு தடவை படிச்சேன்.

கூட்டுக்குழு நல்ல விஷயம், விட்டுடாதே.

ஒண்ணு கேட்கிறேன், கோபப்படாதே. பொங்கலுக்கு வந்தப்ப உன் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தேன் இல்லையா? தலைவர் நாற்காலி மேல மாமா துண்டு கிடந்தது. நீ பின்கட்டுல கிளார்க்கு பக்கிரி அண்ணனுக்கு டீ ஆத்திட்டு இருந்தே. அன்னைக்கு நான் ஒண்ணும் கேட்கலை. இப்ப கேட்கிறேன். அந்த ஆபீசுல நீ எங்கே உட்கார்றே அக்கா?

எல்லாருக்கும் என் அன்பு.
செந்தமிழ்

*

நரியோடை,
18.8.2024

அன்புத் தங்கச்சிக்கு, அக்கா எழுதறது.

உன் கடுதாசி வந்து ஒன்றரை மாசம் ஆயிடுச்சு. உடனே பதில் போடலன்னு தப்பா நினைக்காத. உப்பு வாரற நேரம், வெய்யிலும் நல்லா அடிச்சுது. நாங்க எல்லாரும் சுகம். பாப்பா சளி சுத்தமா விட்டுச்சா?

நாற்காலியப் பத்தி கேட்டிருந்த. ஆபீசுல நாலு நாற்காலி இருக்குது.

கூட்டுக்குழுவோட முதல் கூட்டம் ஜூலையில தாழங்குப்பம் மாதா கோயில் ஹாலுல நடந்துச்சு. புளியந்தாங்கல் தலைவர் அசோகன் வந்தாரு. அறுபது வயசு இருக்கும், நெல்லுக்காரரு, ரெண்டாவது தடவை தலைவரு. உங்க மாமாவும் கூட வந்தாரு. உக்காந்த உடனே அசோகன் அவரைப் பாத்து, "நீ தானே அந்த வருஷம் எங்காளு மேல மம்பட்டி ஓங்கினவன்"னாரு. "நீங்க ஏன் எங்க உப்புப் பாத்தியை முழுக வெச்சீங்க"ன்னு இவரு. அவ்ளோதான். டீ ஆறிப்போச்சு, கூட்டமும் முடிஞ்சு போச்சு. நானும் சில்வியாவும் ஒரு வார்த்தை பேசல.

மறுநா காலையில சில்வியா ஷேர் ஆட்டோ புடிச்சு நேரா உப்பளத்துக்கே வந்துட்டாங்க. நான் முழங்கால் தண்ணியில நிக்கறேன். "வாங்க தலைவரே, ஓடையை ஒரு நடை நடந்து பாத்துடலாம்"னாங்க. என்னைப் பாத்து தலைவரேன்னு ஒருத்தங்க கூப்புட்டு நான் திரும்பிப் பாத்தது அன்னைக்குத்தான். எனக்குப் பின்னாடி யாராவது நிக்கறாங்களான்னு பாத்தேன்.

முகத்துவாரத்துல ஆரம்பிச்சு மேல நடந்தோம். மணல் எங்க மேடு தட்டிப் போயிருக்குதுன்னு அவங்க காட்டினாங்க. நம்ம ஊருக்குள்ள வந்ததும் நான்தான் சொல்லிக்கிட்டே வந்தேன். பதினாலு வயசுல இருந்து அந்தத் தண்ணியில நிக்கறவ நான். எந்த எடத்துல ஓடை குறுகிப்போச்சு, எந்த முதலாளி பாத்தியை நீட்டி ஓடைக்குள்ள வரப்பு போட்டிருக்காருன்னு எல்லாம் எனக்குத் தெரியும். அதை யாரும் என்னைக் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. ஏரி மதகுகிட்ட போறப்ப அசோகன் வயல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. எங்களைப் பாத்துட்டு வரப்பு மேல ஏறி வந்தாரு. "ஏம்மா, இந்த வெய்யில்ல நடந்தா வந்தீங்க?"ன்னாரு. "ஆமாங்க, கடல்ல இருந்து"ன்னேன். மோர் குடுத்தாரு. அங்கேயே உக்காந்து ஒரு மணி நேரம் பேசினோம். அதைத்தான் நான் முதல் கூட்டம்னு நினைச்சுக்கறேன்.

மாமாகிட்ட இதைச் சொல்லல.
அக்கா விஜயா

*

வால்பாறை,
30.8.2024

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நாலு நாற்காலி இருக்குதுன்னு எழுதியிருந்ததைப் படிச்சு சிரிச்சுட்டேன். அப்புறம் சிரிப்பு வரலை.

கடல்ல இருந்து நடந்து வந்தோம்னு சொன்ன இடத்தை என் வார்டு நர்சுங்களுக்கு எல்லாம் படிச்சுக் காட்டினேன். ஒரு சிஸ்டர் கேட்டா, "உங்க அக்கா என்ன படிச்சிருக்காங்க?" நான் சொன்னேன், "தண்ணி படிச்சிருக்காங்க."

எழுதிக்கிட்டே இரு.
செந்தமிழ்

*

நரியோடை,
9.10.2024

அன்புத் தங்கச்சிக்கு, அக்கா எழுதறது. எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதணும். புள்ளைங்க நல்லா இருக்காங்க.

செப்டம்பர்ல நாங்க மூணு பேரும் மூணு தடவை உக்காந்தோம். இப்ப எங்களுக்கு ஒரு முறை இருக்குது. ஓட்டு வாங்கினவங்கதான் பேசணும். வார்டு மெம்பருங்களும் வரலாம், மூணு ஊருலயும் பாதிப் பேரு பொம்பளைங்க, வீட்டுக்காரரைக் கேட்டுதான் கையெழுத்து போடறவங்க. அதனால ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தங்க எழுந்து தீர்மானத்தை வாய்விட்டுப் படிக்கணும். படிக்காம கையெழுத்து கிடையாது. முதல் தடவை எங்க மூணாவது வார்டு மெம்பர் சங்கீதா எழுத்துக் கூட்டிப் படிச்சா, அரை மணி நேரம் ஆச்சு. அசோகன் கொட்டாவிகூட விடாம கேட்டாரு. "எம்மா, நான் முதல்ல படிச்சப்ப இதைவிட மோசம்"னாரு.

முடிவு இதான். மழைக்கு முன்னாடியே தாழங்குப்பம் முகத்துவாரத்து மணலை அள்ளணும். நாங்க அந்த முதலாளி நீட்டின வரப்பை எடுத்து ஓடையைப் பழைய அகலத்துக்குக் கொண்டாரணும். புளியந்தாங்கல்காரங்க கரையை வெட்டக் கூடாது, நாங்க போன்ல சொல்றப்ப மதகைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தொறக்கணும்.

"அப்ப போனு உங்க கையில இருக்கணுமே"ன்னு சில்வியா சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து மாமாகிட்ட தீர்மானத்தைச் சொன்னேன். அந்த வரப்பு அவரு மேஸ்திரியா இருக்கற முதலாளியோடது. "நம்ம முதலாளி வரப்புல கை வைக்கறியா? சோறு போடற எடம்டி. கையெழுத்து போடாத, நான் பேசிக்கறேன்"னாரு. காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு நல்ல பொடவை கட்டிக்கிட்டுப் போனேன். அவரு துண்டு நாற்காலி மேல இருந்துச்சு. எடுத்து மடிச்சு அவரு கையில குடுத்தேன். உக்காந்தேன். தீர்மானத்தை நானே படிச்சேன். படிச்சு முடிச்சு கையெழுத்து போட்டேன். கிளார்க்கு பக்கிரி, "தலைவரம்மா, தேதியும் போடுங்க"ன்னாரு. மூணு வருஷமா அவரும் அந்த வார்த்தைக்குக் காத்துட்டு இருந்திருப்பாரு போல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் உங்க மாமா சட்டைப் பாக்கெட்டுல இருந்து என் போனை எடுத்துக்கிட்டேன். ஒரு வாரமா அவரு என்கிட்ட பேசல. சாப்பாடு மட்டும் சாப்புடறாரு.

இனிமே நீ கூப்புட்டா நான்தான் எடுப்பேன். ஆனா கடுதாசியும் போடு.
அக்கா விஜயா

*

நரியோடை,
11.11.2024

கொழுந்தியா செந்தமிழுக்கு மாமா சேட்டு எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். உங்க அக்கா பெட்டியில உன் விலாசம் இருந்துச்சு, அதைப் பாத்து எழுதறேன். கடுதாசிங்களைப் படிக்கல, சத்தியமா.

நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லு. சீட்டு லேடீசுக்குன்னு வந்தப்ப வீடு வீடா ஓட்டு கேட்டு நடந்தவன் நான். பிடிஓ ஆபீசுக்கு அலைஞ்சவன் நான். பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தலைவலி, நாம பாத்துக்கலாம்னு பாத்தேன். இப்ப ஊரே அவளை தலைவரம்மான்னுது. என்னை வாடா சேட்டுன்னுது.

முதலாளி அந்தத் தீர்மானம் வந்த மறுநாளே என்னை மேஸ்திரி வேலையில இருந்து எடுத்துட்டாரு. உங்க அக்கா இதை உனக்கு எழுதியிருக்க மாட்டா. என்கிட்டயும் அவ அதைப் பத்திப் பேசல. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து எனக்கும் சேர்த்து சோறு கட்டி வெச்சா. நானும் அவ கூடவே கூலிக்கு வேற அளத்துக்குப் போறேன். ரெண்டு பேரும் ஒரே பாத்தியில உப்பு இழுக்கறோம், பேசிக்கறதில்ல.

வரப்பு எடுத்தாச்சு. யூனியன்ல இருந்து ஜேசிபி வந்துச்சு. நான் தூரத்துல நின்னு பாத்தேன். அந்த வரப்பு போட்ட வருஷம் மண்ணு சுமந்தவன் நான்தான். அது தப்புன்னு அப்பவே தெரியும்.

நீ படிச்சவ. அவகிட்ட நீ சொன்னா கேப்பா. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல.
மாமா சேட்டு

*

வால்பாறை,
19.11.2024

அன்புள்ள மாமாவுக்கு, செந்தமிழ் வணக்கம்.

நீங்க எனக்கு எழுதினதே சந்தோஷம். வேலை போனது எனக்குத் தெரியாது. அக்கா எழுதலை. உங்களைக் குறைவா யாரும் நினைக்கக் கூடாதுன்னு எழுதலைன்னு நினைக்கிறேன்.

நீங்க ஓட்டு கேட்டு நடந்தது நிஜம். அக்கா அதை மறக்கலை, மறக்கவும் மாட்டா. ஆனா மாமா, ஓட்டு விழுந்தது அக்கா பேருக்கு. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. அந்த வரப்பு தப்புன்னு தெரியும்னு எனக்கு எழுதினீங்க இல்லையா, அதை அவகிட்ட சொல்லுங்க. அது போதும்.

மழை வருதுன்னு சொல்றாங்க. பத்திரமா இருங்க.
செந்தமிழ்

*

நரியோடை,
8.12.2024

அன்புத் தங்கச்சிக்கு, அக்கா எழுதறது. நாங்க எல்லாரும் உசுரோட, நல்லபடியா இருக்கோம். போன்ல அன்னைக்கு ரெண்டு வார்த்தைதான் பேச முடிஞ்சுது. கரண்டு நேத்துதான் வந்துச்சு. இப்ப விவரமா எழுதறேன்.

புயல் வர்றதுக்கு முந்தின நாளே சில்வியா ஆளுங்களை வெச்சு முகத்துவாரத்தைத் தொறந்துட்டாங்க. படகு கட்ட எடம் போயிடும்னு குப்பத்துல சண்டை. "படகை எங்க ஊரு கரையில கட்டிக்கோங்க"ன்னு நான் போயி சொன்னதுக்கு அப்புறம்தான் விட்டாங்க. சனிக்கிழமை பூரா காத்தும் மழையும். ஜனங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டோம்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சு பாத்தா புளியந்தாங்கல் ஏரி தளும்புது. ஏழு மணிக்கு அசோகன் கூப்புட்டாரு. குரலே மாறியிருந்துச்சு. "ஏம்மா, ஐம்பது பேரு மம்பட்டியோட கரை மேல நிக்கறாங்க. வெட்டிடுவாங்க போல. நான் ஒருத்தன்தான் குறுக்க நிக்கறேன்"ன்னாரு.

கரை உடைஞ்சா நம்ம காலனி மொத்தமும் போயிடும். சில்வியாவுக்குப் போட்டேன். "கடல் இப்ப ஏறுது, தண்ணியை உள்ள வாங்காது. ஒன்பது மணிக்கு மேலதான் வத்த ஆரம்பிக்கும்"னாங்க. அசோகனுக்குத் திரும்பப் போட்டேன். "ஸ்பீக்கர்ல போடுங்க"ன்னேன். என்ன பேசறதுன்னு தெரியாமதான் சொன்னேன்.

"நரியோடை தலைவர் பேசறேங்க. இப்ப வெட்டினா தண்ணி கடலுக்குப் போவாது, திரும்பி உங்க வயலுக்குத்தான் ஏறும். ரெண்டு மணி நேரம் குடுங்க. கடல் வத்துன உடனே நானே தொறக்கச் சொல்றேன். எங்க பாத்தி முழுகினாலும் சரி, அடைக்க மாட்டோம். இது என் வார்த்தை"ன்னேன்.

அந்தப் பக்கம் மழை சத்தத்துக்கு நடுவுல யாரோ ஒருத்தர், "நம்மளை நம்பி அவங்க வரப்பை எடுத்தாங்கடா, ரெண்டு மணி நேரம் நிக்கலாம்"னாரு. நின்னாங்க செந்தமிழு. கொட்டற மழையில நின்னாங்க.

போனை வெச்சுட்டுத் திரும்பினா உங்க மாமா நிக்கறாரு. எல்லாத்தையும் கேட்டிருக்காரு. ரெண்டு மாசத்துல முதல் தடவையா வாயைத் தொறந்தாரு. "கீழ்ப்பாத்தியில தண்ணி வெளிய போற கல்லுமடை அடைச்சிருக்குது. அதைத் தொறக்கலன்னா தண்ணி காலனிப் பக்கம் எட்டிப் பாக்கும். எனக்குத்தான் எடம் தெரியும்"னாரு. மம்பட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு. போறப்ப திரும்பி, "அந்த வரப்பு அன்னைக்கே தப்புதான்"னாரு. நின்னு பதில் கேக்கல.

ஒன்பதரைக்கு ஒரு மதகு. பத்தரைக்கு இன்னொண்ணு. ரெண்டு மணிக்கு எல்லாம் தொறந்தாச்சு. தண்ணி ஓடையை நிரப்பிக்கிட்டு போச்சு. காலனியில முழங்கால் அளவு வந்துச்சு, சாயந்திரம் இறங்கிடுச்சு. அம்பாரம் போட்டிருந்த உப்பு கரைஞ்சு போச்சு, பாத்தி எல்லாம் சேறு. புளியந்தாங்கல்ல தாழ்வான வயல் போச்சு, மேட்டு வயல் நின்னுடுச்சு. குப்பத்துல ரெண்டு படகு உடைஞ்சுது. ஆனா மூணு ஊருலயும் ஒரு உசுரு போவல, ஒரு மம்பட்டி ஓங்கல. சுத்து வட்டாரத்துல பட்ட பாட்டைப் பாத்தா இதைச் சொல்றதுக்கே கூச்சமா இருக்குது.

மாமா சாயந்திரம்தான் வந்தாரு, உடம்பெல்லாம் சேறு. வெந்நீர் வெச்சுக் குடுத்தேன். பேசறோம்.
அக்கா விஜயா

*

வால்பாறை,
3.1.2025

அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. உன் கடிதத்தை அழுதுக்கிட்டே படிச்சேன். பாப்பா பயந்து, "அம்மா, பெரியம்மாவுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. "பெரியம்மா பேசிட்டாங்க"ன்னு சொன்னேன்.

மாமா வேலை போனதை நீ எழுதலை. நானும் இப்ப அதைப் பத்திக் கேட்கலை. ரெண்டு பேரும் நல்லா சாப்பிடுங்க. கோடை லீவுக்கு வர்றோம்.
செந்தமிழ்

*

நரியோடை,
28.1.2025

அன்புத் தங்கச்சிக்கு, அக்கா எழுதறது. இங்க எல்லாரும் சுகம். சொல்றதுக்காக இல்ல, நிஜமாவே சுகம். பாத்தியில சேறு வழிச்சாச்சு, அடுத்த மாசம் உப்பு விளைய ஆரம்பிச்சிடும்.

எங்க கூட்டுக்குழுவுல இன்னும் நாலு பஞ்சாயத்து சேருதுங்க. கிளியனூர் பக்கத்துல இருந்துகூட ரெண்டு தலைவரம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை ஊருக்கு ஊரு மாத்தி உக்காரறோம். இப்ப பயிற்சி குடுக்க வெளியில இருந்து யாரும் வர்றதில்ல. ஒரு ஊருல தெரிஞ்சதை இன்னொரு ஊருக்காரங்க கத்துக்கறாங்க. சங்கீதா இப்ப தீர்மானத்தை அஞ்சு நிமிஷத்துல படிக்கறா, நடுவுல தப்பு கண்டுபுடிச்சு பக்கிரியைத் திருத்தவும் சொல்றா. வீட்டுக்காரருங்களும் வர்றாங்க. வெளிய மரத்தடியில இல்ல, உள்ளதான், பின்னாடி வரிசையில. சில்வியா அவங்களுக்கு டீ ஊத்தற வேலை குடுத்திருக்காங்க.

ஞாயித்துக்கிழமை குடியரசு தின கிராம சபை. கொடியேத்திட்டு வந்து உக்காந்தேன். ஜனங்க நல்லாவே வந்திருந்தாங்க. தண்ணி, ரோடு, நூறு நாள் வேலைன்னு ஒவ்வொருத்தரா பேசிட்டு இருந்தாங்க. பின்னாடி இருந்து ஒருத்தர் கையைத் தூக்கினாரு. பாத்தா உங்க மாமா.

கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. அவரு எழுந்து தொண்டையைச் செருமிக்கிட்டு, "தலைவர் அவர்களுக்கு வணக்கம். எங்க தெருவுல கடைசி லைட்டு புயல்ல போனது. இன்னும் எரியல"ன்னாரு.

வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல பாரு. எனக்கு சிரிப்பு முட்டுது, அடக்கிக்கிட்டேன். பக்கிரி பேனாவைப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாக்கறாரு. எல்லாரையும் கேக்கற மாதிரியேதான் கேட்டேன்.

"உங்க பேரு, தொழில் சொல்லுங்க. நோட்டுல எழுதணும்."

நிமிர்ந்து நின்னு சொன்னாரு.

"சேட்டு. உப்பளத் தொழிலாளி."

"திங்கக்கிழமைக்குள்ள போட்டுடறோம்"னேன். கை தட்டினாங்க. அவரும் தட்டினாரு.

நேத்து திங்கக்கிழமை. லைட்டு எரியுது.

உன் வீட்டுக்காரருக்கும் பாப்பாவுக்கும் எங்க ரெண்டு பேரோட அன்பு.
அக்கா விஜயலட்சுமி,
தலைவர், நரியோடை